ஐந்தாவது ராடு

சிரிப்பதற்கு ஒரு கதை வைத்திருக்கிறேன் சார். கேட்டால் வயிறு வலிக்கும். ஆனால் எடுத்தவுடனே சொல்ல மாட்டேன். முன்கதை கொஞ்சம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் சிரிப்பு வராது. நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். எனக்கு இந்தப் பிரம்பு மோடா போதும். ஃபேன் எல்லாம் வேண்டாம் சார், வேர்க்கிறது வெயிலால் இல்லை.

என்னை அடையாளம் தெரிகிறதா? ஜீவிதா. ஆமாம், கணபதி ஷெட்டு சம்பத்தின் அக்கா மகள். ஆமாம் சார், அந்த வாயாடியேதான். பார்த்தீர்களா, பெயர், உறவு, வாய் எல்லாம் உடனே சொல்லிவிட்டீர்கள்! இவருக்கா மறதி?

உங்கள் வீட்டு அம்மா கேட்டைத் திறக்கும்போதே சொன்னார்கள். திங்கட்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களாம். ஸ்கூட்டர் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டீர்களாம். கேஸை மூடினேன், கதவைப் பூட்டினேன் என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதுகிறீர்களாம். டெஸ்டிங் பட்டறைப் பக்கம் இரண்டு மாதமாகத் தலைவைத்துப் படுக்கவில்லையாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடறேன், இரு கண்ணு" என்று உள்ளே போய்விட்டார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

ஐயோ, எதற்குச் சார் கும்பிடுகிறீர்கள்? கையை இறக்குங்கள். மாமாவுக்கு மணிக்கட்டு கூடிவிட்டது. கட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது, நேற்று ஸ்பேனர் கூடப் பிடித்தார். நீங்கள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் எனக்குக் கதை வராது. தயவு செய்து கேட்காதீர்கள்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் பேசினாலும் எனக்கு அப்படியே வரும். யாராவது இரண்டு வார்த்தை பேசினால் போதும், மூன்றாவதை நான் பேசிவிடுவேன். போன வருஷம் எங்கள் பள்ளி மைக்கில் பி.டி. சார் குரலில், "டேய், எல்லாரும் ரெண்டு நிமிசத்துல கிரவுண்டுக்கு வரோணும், ஓடியா ஓடியா" என்றேன். மொத்தப் பள்ளியும் ஓடி வந்தது. ஓடி வந்தவர்களில் பி.டி. சாரும் ஒருவர். விசிலோடு! நீங்கள் சிரிக்கிறீர்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை சார், இது சும்மா வழியில் வந்தது.

இன்றைக்கு எல்லார் குரலையும் எடுப்பேன். உங்கள் குரலை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சபதம் செய்துகொண்டு பஸ் ஏறினேன். நீங்கள் சொன்ன வார்த்தைகள் வரும், குரல் வராது. சரியா?

மாமாவின் இஞ்சின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன், கேளுங்கள். "இதா பாரு அம்மிணி. பிஸ்டன் மேல போயிக் கீழ வர்ற தூரம் இருக்குதல்ல, அதக் கூட்டறோம். அதுதான் ஸ்ட்ரோக்கர். கெணத்த அகலப்படுத்தல. கவுத்த நீளமாக்கி ஆழத்துல போயி மொண்டுக்கறோம். அதே இஞ்சின், ஆனா ஒரு தடவைக்கு நெறையக் குடிக்கும், நெறையத் தள்ளும்." மாமாவுக்குக் கார் என்றால் கவிதை வந்துவிடும். கல்யாணம் பேச வந்தவர்களிடம்கூடக் கிராங்க் பற்றித்தான் பேசினார். அவர்கள் திரும்பி வரவில்லை.

பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்கை மாற்றியாயிற்று. ஸ்ட்ரோக் பத்து மில்லி கூடிவிட்டது. இப்போது பிஸ்டன் உச்சியில் போய் சிலிண்டர் மண்டையை இடிக்கும். அதனால் கிராங்கையும் பிஸ்டனையும் சேர்க்கிற கனெக்டிங் ராடு அஞ்சு மில்லி குட்டையாக வேண்டும். நாலு சிலிண்டருக்கு நாலு ராடு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நம்மால் ஆகாது. இங்கே புதிதாகச் செய்து தர ஆறு மாதம் கேட்டார்கள். மாமா ஓட்ட இருந்த கார் ரேசுக்கு இருந்தது ஏழு வாரம். மாமா ஒரு வாரம் அளவுப் புத்தகங்களைப் புரட்டி, ஒரு பழைய வேனின் ராடு அச்சாக அதே நீளம் என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஜிலேபி.

ஆனால் அந்த வேன் ஓடுவது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உக்கடத்தில் அப்பாஸ் பாய் கடைக்குப் போனோம். பழைய இரும்பு மலைமேல் உட்கார்ந்திருந்தார். "ராடா தம்பி? எத்தன கிலோ வேணும்?" என்றார். மாமா, "கிலோ இல்ல பாய், நாலே நாலு. ஆனா நாலும் ஒரே இஞ்சின்ல இருந்து வந்ததா இருக்கோணும். ராடுக்கு அதனதன் மூடி இருக்கோணும்" என்றார். பாய் என்னைப் பார்த்து, "நாலும் ஒரு வயித்துல பொறந்ததாக் கேக்குறாரு உங்க மாமா. எங்க வீட்டுல நாங்க நாலு பேரு, ஒரே வயிறு, மூஞ்சியப் பாத்தா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றார்.

உங்களுக்குத் தெரியும், ராடின் அடிப்பக்கம் இரண்டு துண்டு. அரை வட்டம் ராடோடு, அரை வட்டம் மூடியோடு. இரண்டையும் சேர்த்து முடுக்கித்தான் கம்பெனியில் வட்டம் வெட்டுவார்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டால் வட்டம் வட்டமாக இருக்காது. பழைய இரும்புக் கடையில் எல்லாவற்றையும் கழற்றி ஒரே கூடையில் கொட்டிவிடுவார்கள். மூன்று வாரம் மாமா கூடை கூடையாகக் கிளறினார். ராடு கிடைக்கும், மூடி இருக்காது. மூடி கிடைக்கும், நம்பர் வேறாக இருக்கும்.

அப்போதுதான் சார் எனக்குக் கை துறுதுறுத்தது. கை இல்லை, தொண்டை. பாய் குரலில் மாமாவுக்குப் போன் போட்டேன். "தம்பி, ராடு கெடச்சிருச்சு. சல்தியா வாங்க. வர்றப்ப ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கியாங்க." மாமா பழத்தோடு பறந்து போனார். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பழத்தைத் திருப்பித் தரவும் இல்லை. மாமா வீட்டுக்கு வந்து என் காதைத் திருகினார். திருகிக்கொண்டே சிரித்தார். பாருங்கள், அவர் சிரித்தார். அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அவர் ஓங்கி ஒன்று வைத்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். இல்லை... அவர்மேல் பழி போடவில்லை. சும்மா சொன்னேன்.

அப்புறம் நிஜமாகவே கிடைத்தது. பல்லடம் போகிற வழியில் ஒரு யார்டில், கவிழ்ந்த அதே ரக வேன் ஒன்று, இஞ்சின் திறக்கப்படாமல். மாமா தன் கையாலேயே கழற்றினார். ஒவ்வொரு ராடையும் அதன் மூடியோடு சேர்த்து சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டி, பச்சைக் குழந்தையை எடுத்து வருகிற மாதிரி மடியில் வைத்து எடுத்து வந்தார்.

எட்டு நாள் தேய்த்தோம். அடித்த இரும்பின் ஓரத்தில் தையல் மாதிரி ஒரு மேடு ஓடுமே, அதை மாமா அரைத்து எடுத்தார். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கியது நான். நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு, விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். "தலைய வகிடெடுத்துச் சீவற மாதிரி தேய்" என்பார். அப்புறம் எடை. நகைப் பட்டறைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, நாலில் எது லேசோ அதன் எடைக்கு மற்ற மூன்றையும் இறக்கினோம். தராசு கொடுத்தவர், "தங்கத்துக்கே இவ்வளவு பாக்க மாட்டோம் சம்பத்து" என்றார்.

அதன் பிறகுதான் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க உங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் சோதித்துவிட்டுப் போனில் சொல்வதாகச் சொன்னீர்கள். உங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். காந்தமேற்றி, மருந்தை ஊற்றி, நீல விளக்கில் பார்த்தால் விரிசல் பச்சைக் கோடாகப் பளிச்சென்று தெரியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். மூன்றாம் நம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத யாரு தேச்சது?" என்றீர்கள். நான் என்றேன். "நல்லாத் தேச்சிருக்கே" என்றீர்கள். அதை அன்றைக்கு வீட்டில் பதினான்கு தடவை சொன்னேன் சார். உங்கள் குரலில்தான் சொன்னேன். முதலில் இரண்டு செருமல், அப்புறம் ஒரு இழுவை, "அதாகப்பட்டது" என்று ஆரம்பம். எங்கள் அம்மா, "அப்படியே அவரே வந்து நின்ன மாதிரி இருக்குது" என்றாள். அருமையான குரல் சார் உங்களுடையது. கரகரப்புக்கு அடியில் ஒரு சுத்தம் இருக்கிறது. அதை எடுப்பது சுலபம் இல்லை, எனக்கே அரை நாள் ஆனது.

இதோ, சிரிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் புதன் மத்தியானம் மாமாவுக்குப் போன் வந்தது. புது நம்பர். இரண்டு செருமல். உங்கள் குரல். "அதாகப்பட்டது சம்பத்து, எம் போனுல சார்ஜ் இல்ல, பக்கத்துப் பையன் போனுல பேசறேன். நாலும் சுத்தம்." அவ்வளவுதான். மாமா, "சார்! சார்! நீங்க நல்லாருக்கோணும் சார்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். வைத்தவர் அதே வேகத்தில் உங்கள் பட்டறைக்குப் போனார். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். கழுவித் துடைத்து ராடு நாலும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. "சார் போன்லயே சொல்லிட்டாரு" என்றதும் கல்லாவில் இருந்த அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இல்லை சார், பொறுங்கள். உங்களுக்கு ஞாபகம் வராது. முட்டி மோதினாலும் வராது. சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் மாமாவுக்குப் போன் செய்தீர்கள். இது நிஜமாக நீங்கள். மாமாவின் கை முழுக்க எண்ணெய், அதனால் ஸ்பீக்கரில் போட்டது நான். "சம்பத்து, மத்தியானம் நான் உனக்குப் போன் பண்ணுனனா?" என்று கேட்டீர்கள். மாமா சிரித்தார். "என்னங்க சார் இப்படிக் கேக்கறீங்க? நாலும் சுத்தம்னீங்களே. உங்க கொரல் எனக்குத் தெரியாதுங்களா?" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் மனசுக்குள் எண்ணினேன் சார். ஒன்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் நீங்கள், "ஓ... ஆமாமா, பண்ணுனேன், பண்ணுனேன்" என்றீர்கள்.

ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள்? அன்றைக்குப் பம்ப் கம்பெனிச் சாமான் நூறு உருப்படி பார்த்தீர்களாம், அதோடு அதாக இதையும் பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொண்டீர்களாம். அம்மா சொன்னார்கள். மறந்துவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். வெட்கப்பட வேண்டியவள் இந்தப் பக்கம் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களே பண்ணினேன் என்று ஒத்துக்கொண்ட பிறகு நான் எதற்கு நடுவில் வருவது என்று நினைத்தேன். மாமா வேறு பாட்டுப் பாடிக்கொண்டே போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு என்று பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் ரேஸ்.

ஏழாவது சுற்றில் மாமா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். அந்த இஞ்சின் சத்தத்தை எனக்கு எடுக்கத் தெரியும். உடைந்த சத்தத்தை மட்டும் எடுக்க வராது. ராடு இரண்டாகி, பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. டயரில் எண்ணெய். கார் இரண்டு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. நல்லவேளை, மாமாவுக்கு மணிக்கட்டு முறிந்ததோடு போனது.

மறுநாள் நீங்கள் பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்தீர்கள். மாமா உடைந்த ராடைக் காட்டவே மாட்டேன் என்றார். நீங்கள்தான் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தீர்கள். மூன்றாம் நம்பர். உடைந்த முகத்தில் பாதி வெள்ளி, பாதி கறுப்பு. வெள்ளி முந்தின நாள் ரேசில் உடைந்தது. கறுப்பு எப்போதோ விட்ட விரிசல், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்தது. நீல விளக்கில் பார்த்திருந்தால் தெரியாமல் போயிருக்கவே முடியாது. அது உங்களுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். "இத நான் பாத்திருக்கோணும் சம்பத்து" என்றீர்கள். அவர், "விடுங்க சார், எல்லாருக்கும் வயசாகுதல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். உங்களுக்குப் பின்னால் ஓடி வந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் நானும் ஓடி வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நீங்கள் கண்டக்டரிடம், "இது ஒண்டிப்புதூர் போகுங்களா?" என்று கேட்டீர்கள். போகும் என்றார். ஏறி உட்கார்ந்துவிட்டு மறுபடியும் கேட்டீர்கள். முப்பது வருஷமாக நீங்கள் போய் வருகிற பஸ். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன் சார்.

சரி. சிரிப்பைச் சொல்லிவிடுகிறேன்.

புதன் மத்தியானம் மாமாவுக்கு வந்த போன் எங்கள் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து போனது. என் தோழி போன். சுற்றி ஆறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பேசினது நான். நான் சொல்ல இருந்தது இதுதான்: "அதாகப்பட்டது சம்பத்து, நாலும் சுத்தம். ஆனா அஞ்சாவது ராடுலதான் விரிசல் இருக்குது." நாலு சிலிண்டர் இஞ்சின் சார். ஐந்தாவது ராடு ஏது? மாமா குழம்பி, "அஞ்சாவதா? அஞ்சாவது எதுங்க சார்?" என்று கேட்பார். நாங்கள் ஏழு பேரும் கெக்கேபிக்கே என்று சிரிப்போம். மாமா புரிந்துகொண்டு திட்டுவார். முடிந்தது. ஆனால் "நாலும் சுத்தம்" என்றதுமே அவர் சந்தோஷத்தில் போனை வைத்துவிட்டார். மீதி என் வாயிலேயே நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. வண்டியில் பறந்துகொண்டிருந்திருப்பார். அப்புறம் கெமிஸ்ட்ரிக்கு மணி அடித்துவிட்டது.

இதுதான் சார் சிரிப்பு.

நீங்கள் சிரிக்கவில்லை. நானும் இதுவரை சிரிக்கவில்லை.

உங்கள் குரலில் யாரும் விளையாடுவார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. பாய் குரலில் ஏமாந்த மாமா உங்கள் குரலைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் அதில் ருசி என்று நினைத்தேன். மாமாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். அவர், "மொதல்ல சார்கிட்டப் போ" என்றார். அதுவரை என் முகத்தில் விழிக்காதே என்றும் சொன்னார்.

என்ன சார்? இல்லை. சத்தியமாக இல்லை. உங்களைத் தேற்றுவதற்காகக் கதை கட்டவில்லை. "நல்ல மனசு கண்ணு உனக்கு" என்று சொல்லாதீர்கள், தாங்க முடியவில்லை. மாமா சொல்லிக்கொடுத்து அனுப்பினாரா? அவரா? பெரியவர் மனசு நோகக் கூடாது என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிற பிள்ளையா நான்? என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? பேசினது நான் சார். நீங்கள் அந்த ராடுகளை நீல விளக்கில் பார்க்கவே இல்லை. கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள், வந்து பார்க்க இருந்தீர்கள். நீங்கள் எதையும் மறக்கவில்லை. மறப்பதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

தலையைத் தடவாதீர்கள் சார்.

நம்ப மாட்டீர்கள். சரி. எடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தது எடுக்காமல் தீராது போல. உங்களைப் பார்த்துக்கொண்டு எனக்கு வராது, கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்கள் பேசாமல் இருங்கள். ஒரு வார்த்தை கூட.

"க்ஹும்... க்ஹும். அதாகப்பட்டது சுலோ, எம்பட மூக்குக்கண்ணாடிய எங்க வெச்சே?"

"உங்க சட்டப் பைலதானுங்க இருக்குது! இப்பத்தான வெச்சீங்க, அதுவுமா மறந்து போச்சு?"

அம்மா சார். சமையல்கட்டிலிருந்து.

உங்கள் கைகூடப் பைக்குப் போய்விட்டது.

நின்றுவிட்டது.

நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை, சார்.